தலையணையின் எடை

1

காட்டுக்குள் நடக்கப் போவதற்கும் இந்த நாட்டில் ஒரு படிவம் இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. யார் யார் போகிறார்கள், எந்த வழியில், எப்போது திரும்புவார்கள், திரும்பாவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும், கூடாரம் என்ன நிறம் என்பது வரை கேட்கிறார்கள். நிறம் எதற்கு என்று விசாரித்தேன். தேடி வரும் ஹெலிகாப்டருக்காம். நான் வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தவன். தேவையில்லாத கேள்வி ஒன்றுகூட இல்லாத படிவத்தை இப்போதுதான் முதன்முதலில் பார்க்கிறேன்.

மனைவி போன பிறகு ராசிபுரத்து வீட்டைப் பூட்டிவிட்டு, கனடாவின் மேற்குக் கரையில் இருக்கும் மகள் கோகிலாவிடம் வந்து சேர்ந்தேன். ஏழு வருடம் ஆகிறது. இந்தக் கோடையில் எனக்கு எழுபது முடிந்தது. ஊரில் என்றால் மண்டபம் பிடித்திருப்பார்கள். இங்கே என் மகள், முதுகில் பையை மாட்டிக்கொண்டு மலைக்காட்டில் இரண்டு நாள் நடக்கலாம் என்றாள். பதினோரு வயதுப் பேத்தி மித்ராவும் உடன் வருவாள். மருமகனுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. அவர் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை.

படிவத்தைக் கோகிலாதான் நிரப்பினாள். கடைசிக் கட்டம், குழுவினரின் முன் அனுபவம்.

"உங்களுக்கு என்னங்கப்பா எழுதறது?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். "இதுக்கு யோசிக்கோணுமா? ஹால் செவுத்தப் பாத்தா போதும்."

ஹால் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. சட்டமிட்ட கறுப்பு வெள்ளைப் படம். பாறைகளுக்கு நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை. அதில் நான், தலையில் இரும்பு ஓட்டுப்பெட்டியோடு நிற்கிறேன். சாலை இல்லாத மலைக்கிராமத்துக்கு ஓட்டுப்பெட்டியைத் தலையில் சுமந்து சென்ற அதிகாரி. கோகிலா பள்ளிக்கூடத்தில் இதைப் பற்றிப் பேசிப் பரிசு வாங்கியவள். அதே வாசகத்தைத்தான் படிவத்திலும் ஆங்கிலத்தில் எழுதினாள்.

அது பொய். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டவன் நான்.

2

பை கட்டுவதற்கு இங்கே ஒரு சாஸ்திரமே இருக்கிறது. கோகிலா சமையலறைத் தராசைக் கூடத்துக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு பொருளையும் கிராம் கணக்கில் நிறுத்தாள். என் பை ஆறு கிலோவுக்கு மேல் போகக்கூடாது. பல் தேய்க்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக அறுத்தாள். அதில் மிச்சமாவது ஐந்து கிராம். ஐந்து கிராமுக்காகப் பிரஷ்ஷை அறுக்கும் பெண்ணை நான் பெற்றிருக்கிறேன்.

பருத்தித் துணி கூடாது. என் வேட்டியும் துண்டும் வெளியே போயின.

"நனைஞ்சா காயவே காயாதுங்கப்பா. ஒடம்புச் சூட்ட உறிஞ்சிரும். குளிர்ல ஆளையே கொன்னுரும்."

ராசிபுரத்தில் தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவனிடம் பருத்தி ஆளைக் கொல்லும் என்கிறாள். கேட்டுக்கொண்டேன். மாங்காய் ஊறுகாய் பாட்டிலும் வெளியே போனது. அந்த வாசனைக்குக் கரடி வருமாம்.

வைத்துக்கொள்ள வேண்டியவை: மழைச் சட்டை, கம்பளி உடை, கைவிளக்கு, தீப்பெட்டி, ஒரு நாள் உபரி உணவு, விசில். ஆபத்தென்றால் மூன்று முறை ஊத வேண்டும். வழி தவறினால் அலையாமல் நின்ற இடத்திலேயே இருக்க வேண்டும். மித்ரா இதையெல்லாம் விரல் விட்டு ஒப்பித்தாள். அவள் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆனால் ஈர மரக்கிளையில் தீ மூட்டத் தெரியும்.

"தலைக்கு?" என்று கேட்டேன்.

"தலகாணியெல்லாம் யாரும் தூக்கிட்டு வரமாட்டாங்கப்பா. ஸ்வெட்டரச் சுருட்டி வெச்சுக்கலாம்."

நான் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

தராசை அவள் எடுத்துக்கொண்டு போனதும், என் பையின் அடியில் மஞ்சப்பை ஒன்றைச் செருகினேன். உள்ளே என் கோப்பு. பாஸ்போர்ட், ஓய்வூதிய ஆணை, உயிரோடு இருப்பதற்கான சான்று, மருத்துவ அறிக்கைகள், பணிக்காலத்துச் சான்றிதழ்கள், எல்லாவற்றுக்கும் அசல் ஒன்று, நகல் இரண்டு. கரடி கேட்குமா என்று நீங்கள் சிரிக்கலாம். எங்கள் பக்கத்து ஆட்கள் ரேஷன் கார்டு நகல் இல்லாமல் கோயிலுக்குக்கூடப் போவதில்லை. கோப்பு ஏறக்குறைய இரண்டு கிலோ.

3

இரண்டாவது மணி நேரத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. ஒரு மரத்தடியில் நின்றேன். கோகிலா திரும்பி வந்து கையை நீட்டினாள்.

"குடுங்கப்பா."

அவள் சொல்லி முடிப்பதற்குள் என் வலது தோள் தாழ்ந்து, பட்டை கழன்று, பை அவள் கையில் இருந்தது. நான் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அடேங்கப்பா, என்ன பழக்கம்!" என்று அவள் சிரித்தாள். "ஊர்ல யாருங்கப்பா உங்க பையத் தூக்குவாங்க?"

"யாராவது" என்றேன்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் என் பையை யாராவது தூக்கினார்கள். ஜீப் நின்றதும் நான் இறங்குவேன். பை தானாக இறங்கும். அலுவலகப் படியில் நான் ஏறுவேன். பை எனக்கு முன்னால் மேசைக்குப் போயிருக்கும். அதைத் தூக்கியவர்களுக்கெல்லாம் பெயர் உண்டு. அவர்களில் ஒருவருடைய பெயர் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

கோகிலா தன் பையை முதுகிலும் என் பையை மார்பிலும் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். "என்னங்கப்பா இந்தக் கனம் கனக்குது?" என்று ஒரு தடவை கேட்டாள். உயரமான இடத்தில் அப்படித்தான் தோன்றும் என்று விஞ்ஞானமாக ஒரு பதில் சொன்னேன்.

பிறகு ஓர் ஓடை வந்தது. முழங்கால் அளவு தண்ணீர்; ஆனால் இழுப்பு அதிகம். இறங்கும் முன் கோகிலா இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் அவிழ்த்துவிட்டாள். மித்ராவும் அவிழ்த்தாள். கட்டாமல் எதற்கு அவிழ்க்கிறார்கள் என்று கேட்டேன்.

"கால் வழுக்குனா பைய உட்டுட்டு ஆளு வெளிய வந்தர்றதுக்குங்கப்பா. பை போனா போகுது."

மித்ரா முதலில் கடந்தாள். அடுத்து கோகிலா. நடு ஓடையில் அவள் கால் பாசியில் வழுக்கியது. ஒரு கணம்கூட யோசிக்காமல் என் பையைத் தண்ணீரில் விட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் பாறையைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பு வரை நனைந்து அக்கரை ஏறினாள்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. கோகிலா கை கொடுத்து என்னையும் அக்கரை சேர்த்த பிறகு மித்ராதான் சொன்னாள்.

"அப்பச்சி, நீங்க 'அம்மா விழுந்துட்டா'ன்னு சொல்லல. 'பை, பை'ன்னு சொன்னீங்க."

கோகிலா கால்சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "பரவால்ல சாமி. அப்பச்சி பயந்துட்டாங்க" என்றாள்.

4

பை கொஞ்சம் தள்ளி ஒரு புதரில் மாட்டியிருந்தது. கோப்பு முழுக்க நனைந்துவிட்டது. அதைக் கோகிலா இழுத்து வெளியே எடுத்து, கையில் தூக்கிக் கனம் பார்த்தாள். ஐந்து கிராமுக்காகப் பிரஷ்ஷை அறுத்தவள் அவள்.

அன்று அதற்கு மேல் நடக்கவில்லை. பக்கத்திலேயே கூடாரம் போடும் இடம் இருந்தது. இந்த ஊரில் கோடையில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகும் வெயில் இருக்கும். மித்ரா என் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பாறை மேல் விரித்துக் கூழாங்கல் வைத்தாள். நான் உயிரோடு இருப்பதற்கான சான்றில் கையெழுத்து கலைந்து நீலமாக ஓடியிருந்தது. கடைசியில் தடித்த காகிதம் ஒன்றை எடுத்து எழுத்துக்கூட்டினாள்.

"பா-ரா-ட்டு... பாராட்டுச் சான்றிதழ். இது அந்த போட்டோ ஸ்டோரியா அப்பச்சி?"

அதுதான். அந்தத் தேர்தலுக்காக மாவட்ட அலுவலகத்தில் கொடுத்தது.

"எனக்கு ஃபுல்லா சொல்லுங்க. மலையில என்ன ஆச்சு? என்ன பேக் பண்ணீங்க?"

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். என்ன பேக் பண்ணீங்க என்று ஒருவரும் கேட்டதில்லை. கோகிலா அடுப்பில் தண்ணீரைச் சுட வைத்தபடி, தனக்குத் தெரிந்த கதை என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஈரக் கால்சட்டை இன்னும் காயவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்ல ஆரம்பித்தேன்.

5

அவர்களிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஓட்டுப்பெட்டி இரும்பாக இருந்த காலம். நான் துணை வட்டாட்சியர். தேர்தலுக்கு மண்டல அலுவலர். ராசிபுரத்தைத் தாண்டி, அடிவாரத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு, மூன்று நான்கு மணி நேரம் பாறையில் ஏறினால்தான் அந்த மலைக்கிராமத்து வாக்குச்சாவடி வரும். செங்கோடன் அடிவாரத்து ஊரின் கிராம உதவியாளர். என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஒல்லியான ஆள். அவர் தலையில் பெட்டி. முதுகில் என் பை.

என் பை என்றால், சுருட்டிக் கட்டும் பெரிய படுக்கைப் பை. உள்ளே போர்வை, கொசுவலை, மடித்த உடுப்பு இரண்டு ஜோடி, பிளாஸ்க், மண்ணெண்ணெய் ஸ்டவ், ஷூ பாலிஷ். அப்புறம் ஒரு தலையணை. இலவம்பஞ்சு. எனக்கு வேறு தலையணையில் தூக்கம் வராது.

"ஏனுங்க சார், மலைக்கே குடி போறீங்களாட்டங்குதே" என்று செங்கோடன் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பாதி வழியில் ஓய்வெடுத்தபோது, தேர்தல் பணிக்கு வந்திருந்த வாத்தியார் ஒருவர் கேமரா வைத்திருந்தார். சார் ஒரு படம் என்றார். செங்கோடன் தலையிலிருந்து பெட்டியை எடுத்து என் தலையில் வைத்தார்கள். படம் எடுத்து முடியும் வரை அது என் தலையில் இருந்தது. பத்து எண்ணும் நேரம் இருக்கலாம்.

"அப்ப அந்தக் கை?" என்றாள் கோகிலா.

படத்தின் இடது ஓரத்தில் ஒரு கை நீட்டியபடி இருக்கும். முழங்கையோடு சட்டம் முடிந்துவிடும். சின்ன வயதில் அவள் கேட்டபோது, யாரோ குறுக்கே வந்துவிட்டார்கள் என்று சொல்லியிருந்தேன்.

"பெட்டியத் திருப்பி வாங்கிக்க நீட்டுன கை. செங்கோடனோடது" என்றேன்.

வாக்குப்பதிவு முடிந்து பெட்டிக்கு முத்திரை வைத்து இறங்கத் தொடங்கினோம். கோடை மழை பிடித்துக்கொண்டது. பாறையெல்லாம் எண்ணெய் தடவிய மாதிரி ஆனது. செங்கோடன் நின்று சொன்னார்:

"சார், பெட்டிய மட்டும் எறக்கிரலாமுங்க. இந்தப் பை இங்க ஒரு ஊட்டுல இருக்கட்டும். நாளைக்கு வெடிய வந்து நானே எடுத்தாந்தர்றனுங்க."

"நட நட. பெட்டியப் பத்திரமாப் பாத்துக்க" என்றேன்.

ஒரு திருப்பத்தில் அவர் விழுந்தார். பின்னால் கனம் இழுத்தது, மல்லாந்தபடி சரிந்தார். இரண்டு கைகளும் பெட்டியை விடவில்லை. கையை ஊன்றியிருந்தால் தப்பியிருப்பார், பெட்டி உருண்டிருக்கும். முத்திரை அப்படியே இருந்தது. வலது கால் கணுக்கால் எலும்பு வெளியே தெரிந்தது. என் படுக்கைப் பையை அவிழ்த்து, போர்வையில் தூளி கட்டி அவரைக் கீழே இறக்கினார்கள்.

இதுவரை நடந்தது விபத்து. இனிமேல் நடந்தது நான் செய்தது.

அறிக்கை எழுத வேண்டும். ஓட்டுப்பெட்டியோடு விழுந்தார் என்று எழுதினால் முத்திரையைப் பற்றிக் கேள்வி வரும். முத்திரை சரியாக இருக்கிறது என்று நிரூபித்தால், ஏன் விழுந்தார் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் பை. பை யாருடையது என்பது அடுத்த கேள்வி. எந்த வாக்கியம் எந்தக் கேள்வியைப் பிறப்பிக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எந்த வாக்கியம் எல்லாக் கேள்விகளையும் அடைக்கும் என்பதும் தெரியும்.

'மேற்படி கிராம உதவியாளர், ஓட்டுப்பெட்டியை அடிவாரத்தில் ஒப்படைத்த பின், சொந்த அலுவலாக மலைக்குத் திரும்பும் வழியில் தவறி விழுந்து காயமுற்றார்.'

ஒரே வாக்கியம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தவரிடம் நானே காகிதத்தைக் கொண்டுபோய், பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் வாங்கி, காகிதத்தை முகத்துக்கு நேரே பிடித்து, கையெழுத்துப் போட்டார். "செரிங்க சார்" என்றார். பணியின்போது ஏற்பட்ட காயம் இல்லை என்றானதால் அதற்கான விடுப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் கிடந்தார். கடைசியில் நொண்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது.

கோகிலா அடுப்பை அணைத்தாள். "நான் அந்தப் பேச்சுப் போட்டியில மொதப் பரிசு வாங்குனேன்" என்றாள்.

மித்ராதான் விடவில்லை. "அவரு உங்க மேல கோவமா?"

"தெரியல சாமி."

"கேக்கலியா?"

"கேக்கல."

"ஏன்?"

அந்தக் கட்டத்தைத்தான் காலியாக விட்டேன்.

மறுநாள் காலை, காய்ந்து முறுகிய கோப்போடு சேர்த்து என் பையைக் கோகிலா கட்டினாள். என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். "இன்னைக்கு நீங்களே தூக்குங்கப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நான் தூக்கினேன். ஓடை வந்தபோது இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டேன். கார் நின்ற இடம் வரை, என் பையை நான் சுமந்தேன். எழுபது வயதில் இதை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது.

6

செங்கோடன் இருக்கிறாரா என்றே தெரியாமல்தான் தேடத் தொடங்கினேன். ஓய்வு பெற்ற ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் முறை எனக்குத் தெரியும் என்பதால், நான்கு தொலைபேசி அழைப்புகளில் எண் கிடைத்துவிட்டது. இருபத்தைந்து வருடமாக முடியாத காரியம், நான்கு அழைப்பு.

ஊரில் காலை நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். மணிச் சத்தத்தோடு ஆடு கத்துவது கேட்டது.

"செங்கோடனுங்களா? நல்லா இருக்கீங்களா?"

"நல்லாருக்கேனுங்க. யாருங்க பேசறது?"

பெயரையும் பதவியையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஆடு மட்டும் கத்தியது. பிறகு சிரித்தார்.

"சாருங்களா! நீங்க, வாங்கன்னு பேசவும் வேற யாரோ ஆளுன்னு நெனச்சுப்போட்டேன். எங்கீங்க இருக்கீங்க? கனடாவுலயா? அங்க மழையெல்லாம் உண்டுங்களா?"

மழை, பேரப்பிள்ளைகள், சர்க்கரை எல்லாம் பேசினார். நான் எழுதி வைத்திருந்த காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இடை மறித்தேன். அன்று அறிக்கையில் எழுதியது பொய் என்றும், படிக்க விடாமல் அவரிடம் கையெழுத்து வாங்கினேன் என்றும் சொன்னேன்.

"படிச்சுப் பாத்துத்தானுங்க போட்டேன்."

"படிச்சீங்களா?" என்றேன்.

"எட்டாவது வரைக்கும் படிச்சவனுங்க நானு. மூஞ்சிக்கு நேரா வெச்சு முழுசாப் படிச்சேன். நீங்கதான் சன்னலுக்கு வெளிய பாத்துட்டு நின்னீங்க."

"அப்புறம் ஏன் போட்டீங்க?"

"நல்லாக் கேட்டீங்க போங்க. மாட்டேன்னா உடுவீங்களா? நீங்க எல்லா ரூலும் தெரிஞ்சவருன்னு தாலுக்காவுக்கே தெரியுமுங்களே."

அவர் அதைக் குத்திச் சொல்லவில்லை. மழை பெய்யும் என்று சொல்வது போலச் சொன்னார்.

"ஒண்ணுதானுங்க சார் எனக்கு ரொம்ப நாளு மனசுல கெடந்துச்சு" என்றார். "அந்தப் பையில படுக்கையோட ஆபீஸ் காயிதமும் இருக்குதுன்னு நெனச்சுட்டேன். எலக்சன் காயிதம், நனைஞ்சா வம்புன்னுதான் நீங்க வெச்சுட்டு வரக்கூடாதுன்னு சொன்னீங்கன்னு நெனச்சு, உசுரக் குடுத்துத் தூக்கிட்டு வந்தேன். தூளி கட்டறதுக்கு அவுக்கறாங்க, காயிதம் ஒண்ணுமில்ல, உள்ளாற ஒரு தலகாணி. அந்த வலியிலயும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க."

நான் மன்னிப்பு கேட்டேன். "அட உடுங்க சார்" என்றார். விட்டுவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். அறிக்கைகளைப் படித்துப் பழகிய காது இது.

வைக்கும்போது ஒன்று கேட்டார்.

"மேல போறப்ப வாத்தியாரு ஒரு படம் புடிச்சாருங்களே, உங்ககிட்ட இருக்குதுங்களா? அதுல நானும் இருப்பேன். உங்களுக்குப் பக்கத்துலதான் நின்னேன். ஒரு காப்பி அனுப்பி வைங்க சார். எங்க ஊட்டுப் பசங்க நான் பெட்டி தூக்குனேன்னா நம்பமாட்டேங்கறாங்க."

அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

7

கோப்பில் தவறாக எழுதிய வரியை அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடிக்க வேண்டும். அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். சரியானதை மேலே எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். என்னிடம் வேலை பழகிய எல்லோருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அதன்படி ஒரு வெள்ளைத்தாளில் அந்தப் பழைய வாக்கியத்தை எழுதி, கோடு போட்டேன். மேலே இப்படி எழுதினேன்: 'கிராம உதவியாளர் செங்கோடன், முத்திரையிட்ட ஓட்டுப்பெட்டியைத் தலையிலும், மண்டல அலுவலரின் சொந்தப் படுக்கைப் பையை அலுவலரின் உத்தரவின்பேரில் முதுகிலும் சுமந்து மழையில் இறங்கியபோது விழுந்தார்; கால் முறிந்தது. பையை விட்டுச் செல்ல அவர் அனுமதி கேட்டார். அலுவலர் மறுத்தார். பெட்டிக்குச் சேதமில்லை.' சுருக்கொப்பமும் முழுக் கையெழுத்தும் போட்டேன். இதை ஏற்றுக்கொள்ள இப்போது எந்த அலுவலகத்திலும் பிரிவு இல்லை. எனவே ஒரு பிரதியைச் செங்கோடனுக்கும், இன்னொன்றை, இதோ, உங்களுக்கும் அனுப்புகிறேன்.

படத்துக்குக் கோகிலா பிரதி எடுத்து வந்தாள். தபால் உறையில் வைப்பதற்கு முன் மித்ரா அதைக் கையில் வாங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "அவரு எங்க அப்பச்சி?" என்றாள். விரல் வைத்துக் காட்டினேன்.

"இவ்ளோதானா?"

கடிதத்தின் கீழே 'இணைப்பு: புகைப்படம் ஒன்று' என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, அடித்தது தெரியும்படி, மேலே எழுதினேன்: செங்கோடன் அவர்களுக்கு, நீங்கள் கேட்ட படத்தை அனுப்பியிருக்கிறேன். இதில் உங்கள் கை மட்டும்தான் இருக்கிறது. பெட்டியோடு நிற்பவன், அதை உங்கள் தலையிலிருந்து வாங்கியவன்.